பிணம் இல்லாத சாவு

எங்கள் தெருவில் பிணம் கிடக்கும்போது யாரும் தறி அடிக்க மாட்டோம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எந்தச் சங்கமும் கூடித் தீர்மானம் போடவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர்களுக்கும் வாக்கப்பட்டு வந்தவர்களுக்கும் தன்னாலே தெரிந்திருக்கும். காலை ஆறரைக்கெல்லாம் தெரு முழுக்கத் தறிச் சத்தம் கிளம்பிவிடும். ஒரு நாள் கிளம்பவில்லை என்றால் எழுந்ததும் வாயில் வருகிற முதல் கேள்வி, "யாரு வூட்ல?" என்பதுதான்.

அதன் பிறகு பிணத்தை எடுக்கும் வரை ஒரு வீட்டுத் தறியிலும் நாடா ஓடாது. முகூர்த்தப் புடவை பாதியில் நிற்கட்டும், முதலாளி போனில் குதிக்கட்டும், நிற்கிறது நின்றதுதான். எடுத்துக்கொண்டு போய், தெருமுனை தாண்டி, வாசலைக் கழுவிவிட்ட பிறகு, தெருப் பெரியவர் ஒருவர் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "எடுத்துட்டாங்களா?" என்று கேட்பார். கண் முன்னால் எடுத்துப் போனதை அவரும்தான் பார்த்திருப்பார். இருந்தாலும் கேட்க வேண்டும். துக்க வீட்டிலிருந்து "எடுத்தாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் முதல் தறி அடிக்கும். பகையாளி வீட்டுச் சாவுக்கும் இது உண்டு. என் மாமனாரோடு இருபது வருடம் முகம் கொடுத்துப் பேசாத ஒருவர் செத்தபோது, எங்கள் வீட்டு இரண்டு தறியும் சாயங்காலம் வரை சும்மா கிடந்தன. மாமனார் அன்று சாப்பிடக்கூட இல்லை.

இந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. வெளியூர்க்காரர்கள் யாராவது வந்தால் சொல்லிச் சொல்லி மாய்வேன். ஒரு வியாழக்கிழமை அந்தப் பெருமை என் முகத்திலேயே வந்து விழுந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்த அடுத்த வருடம், எட்டு வீடு தள்ளி ஒரு குடும்பம் குடி வந்தது. புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். இலங்கைக்காரர்கள். அதுவரை முகாமில் இருந்தவர்கள். அகதி முகாம் என்று சொல்லக் கூடாதாம், இப்போது மறுவாழ்வு முகாம். அவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. வேலை கிடைக்கிற ஊருக்குப் போய் இரண்டு வாரம், மூன்று வாரம் இருந்துவிட்டு வருவார். அவள் ஏழு வயதில் படகில் வந்தவள். வளர்ந்ததும் பிள்ளைகளைப் பெற்றதும் இங்கேதான், ஆனால் பேச்சு மட்டும் அந்த ஊர்ப் பேச்சாகவே நின்றுவிட்டது.

வீட்டுக்காரம்மாள் குடி வைப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து யோசனை கேட்டாள். நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "உனுக்கு எதுக்குமா வம்பு? ஸ்டேஷன்ல இருந்து ஆளு வந்துக்கினே இருப்பாங்க. காலி பண்ணச் சொன்னா பண்ணுவாங்களா?" என்றேன். நல்ல வேளையாக, என் பேச்சைக் கேட்கிற பழக்கம் அந்தம்மாவுக்கு எப்போதுமே கிடையாது. நான் பயந்தபடி ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு முறை ஆள் வந்தார். காகிதங்களைப் பார்த்தார், அண்டை அயலில் விசாரித்தார், என் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அந்த வம்பு.

அவள் என் தறிக்கு வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. நான் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேருகிற இடத்தில் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ள வேண்டும். தனி ஆளால் ஆகாது. வலது கைப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவை வாங்கி வாங்கித் திருப்பித் தர வேண்டும். அதுவரை என் மகள் உட்கார்ந்தாள். அவளுக்கு அரக்கோணத்தில் கல்யாணமாகிப் போன பிறகு நான் ஆள் தேடி அலைந்தேன். வந்தவர்கள் எல்லாம் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கடை வேலை, கம்பெனி வேலை என்று ஓடிப்போனார்கள். அப்போது ஒரு நாள் அவள் வாசலில் நின்று, "நான் பழகலாமோ அக்கா?" என்றாள். வேறு வழியில்லாமல்தான் உட்கார வைத்தேன். நாலு மாதத்தில் அவள் கை என் கைக்கு ஒத்துப்போயிற்று. நான் கால் பலகையை மிதிப்பதற்கு முன்பே அவள் நாடா தயாராக இருக்கும். என் மகள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை.

ஒரே பலகையில் தோளோடு தோள் உரச இரண்டு வருடம் உட்கார்ந்தால் தெரியாத கதை இருக்காது. அவள் அம்மா கதை எனக்கு மனப்பாடம். சண்டை முடிந்த பிறகு, காணியைப் பார்க்கிறேன் என்று அந்த அம்மா வவுனியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற தன் கிராமத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். மகளுக்கு அப்போது இங்கே கல்யாணமாகிக் கைக்குழந்தை. அம்மாவோடு போகவில்லை. அதற்குப் பிறகு போகவும் முடியவில்லை. அவளிடம் பாஸ்போர்ட் கிடையாது. அனுமதி வாங்கிக்கொண்டு போய்விடலாம், ஆனால் போனவர்கள் திரும்பி வருவதற்கு வழி இல்லை. இரண்டு பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு எப்படிப் போவாள்? ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசுவதோடு சரி. ஒரு தரம் போனை என்னிடம் கொடுத்தாள். அந்த அம்மா, "பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். "நா இருக்கேம்மா, நீங்க இன்னாத்துக்கு கவலைப்படுறீங்க" என்று சொல்லிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்வதில் நமக்குச் செலவா என்ன?

அந்த வியாழக்கிழமை தறியில் அரக்குக் கரை போட்ட முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. முந்தி முடிந்து உடலில் பாதி வந்திருந்தது. பத்து நாளில் கொடுத்தாக வேண்டும். அவள் வழக்கம் போலப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவசரத்தில் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கரை இழை பிடிக்காமல் வந்தது. பிரித்தேன். மறுபடி நெய்தோம், மறுபடி அதே இடத்தில் கழன்றது. பட்டில் பிரித்துப் பிரித்து நெய்தால் இழை தேய்ந்துபோகும். மூன்றாம் முறை எனக்குப் பொறுக்கவில்லை. என் வாய் தெரு அறிந்த வாய்.

"கண்ணு எங்க வெச்சினுகீற? வூட்ல எழவு வுழுந்தாப்ல மூஞ்சிய வெச்சினு உக்காந்தா கரை எப்படிமா நிக்கும்?" என்றேன்.

எத்தனையோ பேரை, எத்தனையோ முறை, என் மகளைக்கூட இப்படித்தான் திட்டியிருக்கிறேன். யாருக்கும் இது வார்த்தையாகவே படாது. அவள் நாடாவைப் பாவு நூலின் மேல் வைத்தாள்.

"அம்மா காலமை செத்துப் போனா அக்கா" என்றாள்.

அந்த நிமிடம் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை இத்தனை நாள் என் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவளைப் பற்றித் தோன்றவில்லை. அவள் அம்மாவைப் பற்றியும் தோன்றவில்லை. முகூர்த்தப் புடவை, தீட்டுக் கை பட்டுவிட்டதே என்றுதான் தோன்றியது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் பதினாறு நாள் தறி தொட மாட்டோம். எவள் கழுத்திலோ தாலி ஏறுகிற புடவை. என் கண் அவள் முகத்துக்குப் போவதற்கு முன்னால் அந்த அரக்குக் கரைக்குப் போயிற்று. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"அப்புறம் ஏம்மா வேலைக்கு வந்த?" என்று கேட்டேன். அதையும் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள். விடியற்காலை அஞ்சு மணிக்கு அவள் சித்தி மகன் போன் செய்திருக்கிறான். புருஷன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தார், அவருக்குச் சொல்லியிருக்கிறாள், அவர் வந்து சேர ராத்திரியாகும். குழாயடியில் வீட்டுக்காரம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். அந்தம்மாள் ஐயோ பாவமே என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். பிறகு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறாள்.

"எதிர்வீட்டு ஐயா செத்த நேரம் ஒருத்தரும் தறி அடிக்கேல்லைத்தானே. அது மாதிரி இருக்கும் எண்டு நினைச்சன். ஆறரைக்கு முதல் தறி கேட்டுது. பிறகு ரெண்டு, மூண்டு எண்டு எல்லாம் கேட்டுது. அப்ப இது உங்களுக்குச் சாவு இல்லைப் போல எண்டு வேலைக்கு வந்தன்."

அவள் கேட்ட அந்தச் சத்தத்தில் என் தறியும் உண்டு. நான் அன்று ஆறேகாலுக்கே ஆரம்பித்துவிட்டேன். அவள் வரும் வரை என் புருஷன் தன் தறியை விட்டுவிட்டு எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். சேதி என் காதுக்கு வரவில்லை, நிஜம். ஆனால் வந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா? எங்கள் வழக்கம் பிணத்துக்கு. தெருவில் பிணம் கிடந்தால் தறி நிற்கும், கிடக்காவிட்டால் நிற்காது. வேறு ஊர்ச் சாவுக்கு இங்கே யாரும் நிறுத்தியதில்லை. வீட்டுக்காரம்மாளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஒருத்தருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து ஒருத்தியை அநாதையாக்கிவிட்டோம்.

எழுந்து பாவு நூலைத் தளர்த்தினேன். இனி இன்றைக்கு நெய்யப் போவதில்லை என்கிறபோது செய்கிற வேலை அது. பக்கத்துத் தறியில் இருந்த என் புருஷன் நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நாடாவைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்திலிருந்து அவள் பிள்ளைகளை அழைத்துவரப் போனார்.

அந்தப் புடவை என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் இருப்பார்கள், நெசவுக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். பதினாறு நாள் அது தறியிலேயே கிடந்தது. வேறு ஆளை வைத்து முடிக்கச் சொல்லி முதலாளி கத்தினார். முடியாது என்றேன். பதினேழாம் நாள் அவளும் நானும்தான் உட்கார்ந்து முடித்தோம். அந்தக் கல்யாணத்துக்கு வேறு புடவை கொடுத்துச் சமாளித்தார்கள். இது வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. அவள் நன்றாக இருக்கட்டும். ஒரு மகள் அம்மாவை நினைத்துக்கொண்டு தொட்ட புடவை ஒரு பெண்ணுக்குக் கெடுதல் செய்யும் என்று எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

அவளை அவள் வீட்டில் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினேன். ஒவ்வொரு வீடாகப் போய், "நம்ம தெருவுல சாவு" என்றேன். முதலில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான், பொணம் எங்கே கிடக்குது என்று. வவுனியாவில் என்றேன். சிலருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என் தறிக்கு வருகிற பெண்ணின் அம்மா என்றதும் புரிந்தது. வீட்டுக்காரம்மாள் தலையில் அடித்துக்கொண்டு முதல் ஆளாக நிறுத்தினாள். பிறகு எதிர்வீடு. அப்புறம் ஒவ்வொன்றாக. சிலர் முணுமுணுத்தார்கள், அதை நான் காதில் வாங்கவில்லை.

கடைக்கோடி வீட்டுப் பெரியவர் மட்டும் நிறுத்தவில்லை. தெருவுக்கே மூத்தவர். "எடுத்துட்டாங்களா" என்று போய்க் கேட்கிறவர் பெரும்பாலும் அவர்தான். வழக்கம் என்றால் அவருக்கு உயிர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"போன மாசம் என் அத்தை ஆரணில செத்துது. இங்க எவன் தறிய நிறுத்துனான்? நானே நிறுத்தச் சொல்லல. வழக்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் நான் விடவில்லை.

"நீங்க பஸ் ஏறிப் போனீங்கண்ணா. மொகத்தப் பாத்தீங்க, வாய்க்கரிசி போட்டீங்க, தோள் குடுத்துட்டு வந்தீங்க. அந்தப் பொண்ணு எந்த பஸ்ஸுல ஏறும்? அதுக்கு இந்தத் தெரு வுட்டா வேற தெரு இல்லண்ணா."

அவர் தறிக் குழியில் காலை இறக்கினார். திரும்பி நடந்தேன். பின்னாலேயே அவர் தறிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு, கோபத்தில். ஒரு ஆள் நிறுத்தாவிட்டால் என்ன, மற்றவர்கள் நிறுத்திவிட்டார்களே என்று நினைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. அவர் நிறுத்தாமல் அது சாவு ஆகாது, எங்கள் தெருவில் அப்படித்தான்.

பதினோரு மணிக்கெல்லாம் அவள் வீட்டு வாசலில் பெண்கள் சேர்ந்துவிட்டோம். சாமியானா இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, மாலை இல்லை. ஒரு ஸ்டூல் மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்து, அதில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அங்கே அவள் சித்தி மகன் போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஓலை வேய்ந்த பந்தல், பின்னால் ஒரு பனைமரம், பந்தலுக்குள் அந்த அம்மா. வீட்டுக்காரம்மாளுக்கு ஒப்பாரி வைக்கத் தெரியும். செத்தவர் பெயரைக் கேட்டுக்கொண்டு, பார்த்தே இராத அந்த அம்மாவைப் பெயர் சொல்லி, பனந்தோப்பையும் கிணற்றையும் சொல்லி அழுதாள். அந்தப் பக்கம் போனுக்கு அருகில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தங்கள் ஊர் அழுகை போலவும் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது, யார் இவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நடுநடுவே சிக்னல் போய்விடும். படம் அப்படியே நின்றுவிடும். வரும் வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கண்ணாடியையே பார்த்திருப்போம். மகள் போட வேண்டிய கோடிப் புடவையை சித்தி மகனே, போனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, மகள் பெயரைச் சொல்லிப் போர்த்தினான். சாதாரண நூல் புடவை. இரண்டு வருடமாகப் பட்டு நெய்கிறவளின் அம்மா, ஒரு பட்டையும் கையால் தொட்டுப் பார்க்காமலே போய்விட்டார். அவளோ அதையெல்லாம் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் பெண்கள் இரண்டும் அழுதன, நாங்கள் அழுதோம், அவள் அழவில்லை. அழுதுவிடு, அழுதுவிடு என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம்.

மூன்று மணி தாண்டி எடுத்தார்கள். பாடை பந்தலை விட்டு வெளியே போனது, பனைமரத்தைத் தாண்டியது, போன் ஆடிக்கொண்டே பின்னால் போனது, பிறகு மண் பாதை மட்டும் தெரிந்தது, பிறகு கட் ஆகிவிட்டது.

அதற்கு மேல் என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. வழக்கம் இதுவரைக்கும்தான் கை கொடுத்தது. வீட்டுக்காரம்மாள் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசலைக் கழுவிவிட்டாள். தெருமுனை தாண்ட வேண்டுமே, எந்தத் தெருமுனை? எவ்வளவு நேரம்? ஆண்கள் அங்கங்கே வாசலில் நின்றுகொண்டு எங்களையே பார்த்தார்கள். தறி ஆரம்பிக்கலாமா கூடாதா என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அப்போது கடைக்கோடி வீட்டுப் பெரியவர் வந்தார். தெரு நடுவில், மெதுவாக, வெறும் காலோடு நடந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துப் பிடித்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அவள் வாசலில் வந்து கழுவிவிட்ட ஈரத்துக்கு வெளியே நின்றார்.

"எடுத்துட்டாங்களாமா?" என்று அவளிடம் கேட்டார்.

அவளுக்கு அந்தக் கேள்வி தெரியும். எதிர்வீட்டில் அவர் கேட்டபோது பார்த்திருக்கிறாள். எழுந்து நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஓம் ஐயா. எடுத்திட்டினம்."

அவர் தலையை அசைத்துவிட்டு வந்த வழியே போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, தெருக்கோடியிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தத்தை நான் ரொம்ப நேரமாகக் கேட்கவே இல்லை. எப்போது நிறுத்தினார் என்று அவரிடம் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டில் முதல் தறி அடித்தது. அடுத்து அதன் பக்கத்து வீடு. எதிர் வரிசையில் ஒன்று. பிறகு ஒவ்வொன்றாகத் தெரு நெடுகிலும் கிளம்பி எங்கள் பக்கம் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றவள் நிலைப்படியில் உட்கார்ந்து, அம்மா என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். நான் அன்று தறிக்குப் போகவில்லை. அவளுக்கு வலது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.